நான்கு பார்சலும் ஒரு துருப்பிடித்த பின்னும்

சேலத்தில் ஒரு கவிதைத் தொகுப்பு வெளியாகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 பிரதிகள். அச்சகத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்குகின்றன. வெளியீட்டு விழாவில் ஐம்பது விற்கும். மேடையில் இருப்பவர்களுக்குப் பொன்னாடையோடு பத்து போகும். சொந்தபந்தத்துக்கு ஒரு நாற்பது. மிச்சம் கட்டுப் பிரிக்காமல் பரணேறும். இருபது வருடம் கழித்து யாராவது அந்தப் புத்தகத்தைத் தேடினால் கிடைக்குமா? அது கவிதையின் தரத்தைப் பொறுத்த விஷயமே இல்லை. அச்சான 30 நாளுக்குள் நான்கு பிரதிகளை எடுத்துக்கொண்டு யாராவது தபால் ஆபீசுக்குப் போனார்களா என்பதைப் பொறுத்தது.

அந்த நான்கும் போய்ச் சேர வேண்டிய இடங்கள்: கொல்கத்தாவின் தேசிய நூலகம், சென்னையின் கன்னிமாரா பொது நூலகம், மும்பை டவுன் ஹாலில் உள்ள மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம். 1954இல் வந்த நூல் ஒப்படைப்புச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. 1956இல் செய்தித்தாள்களும் சேர்ந்தன. சட்டத்தின் கண்ணில் ‘புத்தகம்’ நாம் நினைப்பதைவிட அகலமான சொல். எந்த மொழியிலும் அச்சான சிறு பிரசுரம், தனித்தாளாக வந்த இசைக்குறிப்பு, வரைபடம் எல்லாம் அதற்குள் அடக்கம். கோயில் திருவிழாவில் விற்கிற எட்டுப் பக்கக் கும்மிப் பாட்டும் புத்தகம்தான்.

நான்கு ஊர் எதற்கு என்று கேட்பவர்கள் 1981ஐ நினைத்துப் பார்க்கலாம். யாழ்ப்பாணப் பொது நூலகம் ஒரே இரவில் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அவற்றில் பலவற்றுக்கு வேறு ஊரில் பிரதி இருந்தது, தேடிப் பிடித்தார்கள். ஒற்றைப் பிரதியாக இருந்த ஏடுகள் அன்றோடு சரி. பாதுகாப்பு என்றால் முதலில் பிரதிகள் ஊர் ஊராகப் பிரிந்திருப்பது. குளிரூட்டிய அறை, கண்ணாடிப் பெட்டி எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

தேசிய நூலகம் என்ற பெயர் 1948இல்தான் வந்தது. அதற்கு முன் அது இம்பீரியல் லைப்ரரி. 1836இல் தொடங்கிய கல்கத்தா பொது நூலகத்தின் புத்தகங்களையும் அரசுச் செயலக நூலகங்களின் புத்தகங்களையும் ஒன்றாக்கி, 1903 ஜனவரியில் கர்சன் பிரபு அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். திறந்த இடம் மெட்காஃப் ஹால். 1835இல் இந்தியர்கள் தடையில்லாமல் அச்சகம் நடத்த வழிவிட்ட சட்டத்தைக் கொண்டுவந்த சார்லஸ் மெட்காஃப்பின் பெயர் அது. அச்சைத் திறந்துவிட்டவரின் பெயரில் கட்டிய வீட்டிலேயே அச்சானவை வந்து குவிந்தன. 1953இல் அது பெல்வெடேர் மாளிகைக்கு மாறியது. விடுதலைக்குப் பின் முதல் தேசிய நூலகராக இருந்தவர் பி.எஸ். கேசவன். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்த எஸ். வையாபுரிப் பிள்ளையின் சொந்தச் சேகரிப்பும் அங்கேதான் இருக்கிறது. தமிழ் ஆராய்கிறவர் ஹவுரா ரயிலேறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். தேசிய நூலகம் புத்தகத்தைத் தேடி வராது. வாசலில் உட்கார்ந்து, வருவதை வாங்கி வைத்துக்கொள்ளும். சேலத்தைப் பற்றி அங்கே இருப்பது சேலத்தின் இலக்கிய வரலாறு அல்ல. சேலத்தில் யார் யார் தபால் ஆபீசுக்குப் போனார்கள் என்பதன் வரலாறு.

பார்சலில் என்ன போக வேண்டும்

சட்டம் கேட்பது அதிகமில்லை. கொல்கத்தாவுக்குப் போகும் பிரதி, அந்தப் பதிப்பின் மிகச் சிறந்த பிரதியாக இருக்க வேண்டும்: நல்ல தாள், தைத்தது, படங்களும் வரைபடங்களும் குறையாமல், வண்ணம் இருந்தால் வண்ணத்தோடு. மற்ற மூன்றும் கடையில் விற்கிற சாதாரணப் பிரதிகளாக இருந்தால் போதும். தபால் செலவு பதிப்பாளருடையது. நூலகம் எழுத்து மூலம் ரசீது தரும். முதல் பதிப்பு போய்ச் சேர்ந்திருந்து, ஒரு வரிகூட மாறாமல் மறுபதிப்பு வந்தால் மீண்டும் அனுப்பத் தேவையில்லை. ஒரு முன்னுரை சேர்த்தால்கூட அனுப்ப வேண்டும்.

சறுக்குகிற இடங்கள் வேறு. முதலாவது, ஐ.எஸ்.பி.என். எண் வாங்கியதும் புத்தகம் ‘பதிவாகிவிட்டது’ என்று நினைப்பது. அந்த எண் விற்பனைச் சங்கிலிக்கான அடையாளம். அதை வாங்குவதால் ஒரு பிரதிகூட எங்கும் போவதில்லை. காப்புரிமைப் பதிவும் அப்படித்தான், அது வேறு அலுவலகம், வேறு வேலை. இரண்டாவது, நான்கு பார்சலில் ஒன்று மட்டும் போவது. பொது நூலகத் துறையின் புத்தகக் கொள்முதலுக்கு விண்ணப்பிக்கும்போது கன்னிமாராவில் பதிவான ரசீது தேவைப்படும் என்பதால் சென்னைக்கு எல்லாரும் ஓடுகிறார்கள். கொல்கத்தா ரசீதை யாரும் கேட்பதில்லை, எனவே கொல்கத்தாவுக்குப் போவதில்லை. மூன்றாவது, நூலின் இரண்டாம் பக்கத்தைக் காலியாக விடுவது. வெளியான மாதமும் ஆண்டும், பதிப்பாளர் முகவரி, அச்சகத்தின் பெயர், ஊர், விலை இவை உள்ளே அச்சாகியிருக்க வேண்டும். ஆண்டு போடாத தமிழ்ப் புத்தகத்தை அட்டவணைப்படுத்துகிறவர் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. அணிந்துரையின் கீழே உள்ள தேதியைப் பிடித்துக்கொண்டு, கேள்விக்குறி போட்டு ஆண்டெழுதுவார்.

அனுப்பாவிட்டால் என்ன ஆகும்? அதிகபட்சம் 50 ரூபாய் அபராதம், கூடவே புத்தகத்தின் விலைக்குச் சமமான தொகை. 1954இல் அது கொஞ்சம் உறைத்திருக்கும். இன்றைக்கு நான்கு ஊருக்கு ஸ்பீடு போஸ்ட் போடுகிற செலவைவிட அபராதம் மலிவு. அதுவும் அதிகாரம் பெற்ற அலுவலர் ஒருவர் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். மிரட்டலால் ஓடுகிற சட்டமல்ல இது, பழக்கத்தால் ஓடுவது. பழக்கம் பெரிய பதிப்பகங்களுக்கு உண்டு. சொந்தக் காசில் ஒரே ஒரு புத்தகம் போடுகிறவருக்கு அது எங்கிருந்து வரும்? அவருக்கு இப்படி ஒரு கடமை இருப்பதே தெரியாது. அச்சகத்தில் “அண்ணே, 300ஓட நாலு சேத்துப் போட்டுக் குடுங்க” என்று முதல் நாளே சொல்லிவைத்தால் பாதி வேலை முடிந்தது.

முன்பு கடமை வேறொருவர் தலையில் இருந்தது. 1867ஆம் ஆண்டின் அச்சக, நூல் பதிவுச் சட்டப்படி, அச்சடித்தவர்தான் ஒரு மாதத்துக்குள் அரசுக்குப் பிரதி கொடுக்க வேண்டும். அச்சகத்துக்காரர் ஊருக்குத் தெரிந்தவர், அரசிடம் உறுதிமொழி கொடுத்தவர், ஒளிய முடியாதவர். ஆங்கிலேயர் அதைச் செய்தது கண்காணிக்கத்தான், நம் இலக்கியத்தின் மேல் உள்ள பாசத்தால் அல்ல. ஆனால் விளைந்த நன்மை பெரிது. சென்னை மாகாணத்தில் அச்சாகி இப்படி வந்த ஒவ்வொரு நூலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசிதழோடு ஒரு பட்டியலாக வந்தது: தலைப்பு, ஆசிரியர், அச்சகம், ஊர், பக்கம், அளவு, எத்தனை பிரதி, என்ன விலை என்று. புத்தகமே அழிந்துபோன பிறகும் அது இருந்ததற்கு அந்த ஒரு வரி சாட்சி. லண்டன் நூலகங்களில் இத்தனை பழைய தமிழ் நூல்கள் இருப்பதற்கும் அந்தச் சட்டம் ஒரு காரணம்.

1954க்குப் பிறகு ஒப்படைப்பின் பாரம் பதிப்பாளர் பக்கம் வந்தது. 1867 சட்டமும் 2024 மார்ச் 1 அன்று முடிவுக்கு வந்துவிட்டது. அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டம் பருவ இதழ்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது, புத்தகம் அதில் இல்லை. இன்றைக்குப் புத்தகத்தை நூலகத்தை நோக்கித் தள்ளுவதற்கு 1954 சட்டம் ஒன்றுதான் மிச்சம். மின்னூல் அதற்குள்ளும் வராது. கைப்பேசியில் மட்டும் படிக்கிற தொடர்கதைகள் எழுதிக் குவிக்கப்படுகிற இந்தக் காலத்தில் இதை ஓட்டை என்று சொல்வது போதாது, சுவரே அந்தப் பக்கம் இல்லை.

மாவட்ட நூலகம் இருக்கிறதே?

இருக்கிறது, நன்றாகவே நடக்கிறது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் நெடுநாள் முயற்சிக்குக் கிடைத்த பலன். சேலத்துக்காரர் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. அந்தப் பணத்தில்தான் கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் ஓடுகின்றன. ஆனால் அவை படிக்கக் கொடுக்கிற நூலகங்கள். அங்கே புத்தகம் கைமாறித் தேய வேண்டும். தேய்ந்ததைக் கழித்துவிட்டுப் புதியது வாங்க வேண்டும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு மேசை வேண்டும். கழிப்பதே முறையாக உள்ள இடத்தில் 1944ஆம் ஆண்டுத் துண்டறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் காப்பாற்றச் சொல்வது அவர்களுக்கும் நியாயமல்ல, துண்டறிக்கைக்கும் நல்லதல்ல.

1944 என்றதற்குக் காரணம் உண்டு. அந்த ஆகஸ்டில் சேலம் மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது. நகரசபைத் தலைவராக ராஜாஜி இருந்த ஊர், காங்கிரசின் தலைவராக உயர்ந்த விஜயராகவாச்சாரியார் வக்கீல் தொழில் பார்த்த ஊர். அரசியல் இங்கே அச்சாகித் தெருவுக்கு வந்திருக்கிறது: நோட்டீஸ், வரவேற்பு மடல், மாநாட்டு மலர், காலணாப் பிரசுரம். அதுபோலவே 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு சாலையில். இன்று நுழைவு வளைவு நிற்கிறது. படங்களில் சில கிடைக்கும், சில கிடைக்காது. படம் கிடைக்காத இடத்தில் அதன் கதையும் பாட்டும் எப்படி இருந்தன என்று சொல்ல மிஞ்சுவது பாட்டுப் புத்தகம்தான்.

ஒரு பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தால்

எட்டோ பன்னிரண்டோ பக்கம். நியூஸ் பிரிண்ட் தாள், மேலட்டை மட்டும் கொஞ்சம் மெழுகு மினுக்கம். உள்ளே நடிகர் பட்டியல், ‘மிகுதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும் கதைச் சுருக்கம், பிறகு பாட்டு, பல்லவியும் சரணமும் நெருக்கி. நடுவில் இரண்டு கம்பிப் பின்.

அந்தப் பின்னில்தான் முதல் நோய். ஈரம் பட்டு இரும்பு துருப்பிடிக்கும். துரு தாளுக்குள் பழுப்பாகப் பரவும். பரவிய இடத்தில் தாளின் இழை அறுந்து, நடுத்தாள் தானாகக் கழன்று வரும். ஏற்காட்டில் ஒரு மழைக்காலம் போதும், சேலத்தில் சில வருடம் ஆகும். பின்னை எடுக்க ஸ்டேப்ளர் பிடுங்கியைப் போட்டால் தாளும் சேர்ந்து வரும். நடுப்பக்கத்தை விரித்து வைத்து, மடங்கிய இரண்டு கால்களையும் மெல்லிய தகட்டால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, புத்தகத்தைத் திருப்பி, முதுகுப் பக்கமிருந்து மெதுவாகத் தூக்கி எடுக்க வேண்டும். காலுக்கும் தாளுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகிக்கொண்டால் தகடு தாளைக் கீறாது. துருப்பொடியை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, மடிப்பில் மூன்று துளை, பருத்தி நூல், நடுத்துளையில் தொடங்கி நடுத்துளையிலேயே முடிச்சு. பத்து நிமிட வேலை.

இரண்டாவது நோய் தாளுக்குள்ளேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மரக்கூழில் தாள் செய்யத் தொடங்கினார்கள். மை ஊறிப் பரவாமல் இருக்கப் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்தார்கள். படிகாரம் நாளடைவில் அமிலம் விடும். அமிலம் செல்லுலோஸ் சங்கிலியைத் துண்டு துண்டாக நறுக்கும். நியூஸ் பிரிண்டில் மரத்தின் லிக்னினும் அப்படியே கிடப்பதால் வெயில் பட்டதும் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் அப்பளம். ஓரமாக ஒரு மூலையை மடித்து நிமிர்த்திப் பார்த்தால் தெரியும்: இரண்டே மடிப்பில் ஒடிந்து விழுந்தால் அந்தப் புத்தகத்தை இனி நகலெடுக்கும் இயந்திரத்தில் கவிழ்த்து அழுத்தக் கூடாது. 1870இல் கந்தல் துணித் தாளில் அச்சான புத்தகம் வளைய, 1950இல் அச்சானது ஒடிவதன் ரகசியம் இதுதான்.

கிழிந்ததை ஒட்ட எல்லார் வீட்டிலும் கை முதலில் செலோடேப்புக்குத்தான் போகும். அதன் பசை சில வருடத்தில் தாளுக்குள் இறங்கிக் காவிப் பட்டையாக நிற்கும். மேலே உள்ள பிளாஸ்டிக் உதிர்ந்துவிடும். கறை போகவே போகாது. சரியான வழி மெல்லிய ஜப்பான் திசுத்தாள், கோதுமை மாவுச்சத்துப் பசை. தண்ணீர் தொட்டால் கழற்றிவிடலாம். பின்னால் வருகிறவர் நம் வேலையைப் பிரித்து எடுக்க முடிய வேண்டும் என்பதே இதில் முழுச் சூத்திரம்.

பைண்டிங் கடையில் நடப்பது தனிக்கதை. நம் பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி வராது என்று. பூச்சி வராது என்பது உண்மை. ஆனால் துத்தத்தில் இருக்கும் செம்பு, தாள் மட்கும் வேகத்தைக் கூட்டும். ஒட்டிய இடமெல்லாம் பழுப்படிக்கும். அடுத்து மூன்று பக்கமும் ‘கட்டிங்’. ஓரத்தில் யாரோ பென்சிலில் எழுதிய பாடபேதம், வாங்கிய தேதி எல்லாம் குப்பைக் கூடைக்கு. மேலட்டையையும் பின்னட்டை விளம்பரத்தையும் கிழித்துப் போட்டுவிட்டுக் கெட்டி அட்டை போடுவார்கள். தமிழ்ச் சிறுபிரசுரங்களில் விலையும் அச்சகப் பெயரும் பல நேரம் அந்த அட்டையில் மட்டுமே இருக்கும். பைண்டருக்குச் சொல்ல வேண்டியது நாலே விஷயம்: அட்டையை உள்ளே வைத்துக் கட்டு, ஓரம் வெட்டாதே, பக்கவாட்டில் குத்தித் தைக்காதே, பசையில் துத்தம் வேண்டாம். எழுதியே கொடுத்துவிடுவது நல்லது.

மேலே ஈரம், கீழே சூடு

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. சுமார் 1,500 மீட்டர் உயரம். ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகளை ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் நாற்பது வருடம் வைத்தால் இரண்டும் வேறு வேறு விதமாகச் சாகும்.

நூலகங்கள் விரும்புவது 20 முதல் 24 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். ஈரப்பதம் 65, 70ஐத் தாண்டினால் பூஞ்சை முளைக்கும். ஏற்காட்டில் பனிமூட்டம் ஜன்னலுக்குள் வருகிற மாதங்களில் இது சர்வ சாதாரணம். பங்களாக்களிலும் பள்ளிகளிலும் பழைய தோல் பைண்டிங் முதுகில் வெண்சாம்பல் பூத்திருப்பது அதுதான். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, விதையைத் தேய்த்து நடுவதற்குச் சமம். முகமூடி போட்டுக்கொண்டு, காற்றோட்டமான நிழலில் காயவிட்டு, உலர்ந்த பிறகு மென்தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்ட வேண்டும். அலமாரி வெளிச்சுவரை ஒட்டி நிற்கக் கூடாது, ஒரு சாண் இடைவெளி வேண்டும். இரும்பு பீரோ பூட்டியே கிடந்தால் உள்ளே வியர்க்கும். நீலச் சிலிக்கா ஜெல் வைத்தால் ரோஜா நிறமானதும் எடுத்துச் சூடாக்கி மறுபடி வைக்க வேண்டும். வைத்துவிட்டு மறந்துபோன ஜெல், வைக்காததற்குச் சமம்.

சேலத்தில் பிரச்சினை பரண். ஏப்ரல், மே மாதங்களில் வெளியே 38, 40 டிகிரி என்றால் தகரக் கூரைக்கடியில் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. ரசாயன வினைகள் சுமாராக 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பு வேகம் எடுக்கும் என்பது பொதுக் கணக்கு. பரணில் கிடக்கிற அமிலத்தாள், கீழ் அறையில் இருப்பதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் கிழடாகிறது. பெர்பெக்ட் பைண்டிங் என்று இப்போது போடுகிற சூட்டுப் பசை முதுகு அங்கே இளகி, பிறகு இறுகி, திறந்ததும் தாள் தாளாகக் கழன்றுவிடும். அதனால்தான் கொல்கத்தாவுக்கான பிரதியாவது செக்‌ஷன் தையலில் (தாள்களை மடித்து, மடிப்பில் தைப்பது) இருக்கட்டும் என்பது. 

பூஞ்சையைக் கண்டு எல்லாரும் பதறுவார்கள், ஏனென்றால் அது ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியும். சூடு சத்தமே போடாது. ஆனால் அதுவும் புத்தகத்தைத் தின்றுகொண்டேதான் இருக்கும். 

பூச்சிக்கு வேப்பிலையும் வசம்பும் வைக்கிற வழக்கம் கெட்டதல்ல. விரட்டும், ஆனால் உள்ளே குடியிருக்கும் புழுவைக் கொல்லாது. அட்டையிலிருந்து அட்டை வரை ஊசித்துளை போட்டுப் போகிற புத்தகப் புழு ஒரு வண்டின் குஞ்சு. அது இருக்கிறதா என்று பார்க்கப் புத்தகத்தை வெள்ளைத் தாளின் மேல் நிறுத்தித் தட்டினால் போதும். மாவு போல் தூள் கொட்டினால் ஆள் உள்ளே இருக்கிறார். பாலிதீன் பைக்குள் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம். எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேர்வை தாளின் மேல் படியும். பொரிக்காத முட்டைக்கும் இது வேலை செய்யும்.

ஏடு

1880 அக்டோபரில் கும்பகோணத்தில் ஒரு முன்சீப், அங்கே கல்லூரித் தமிழாசிரியராக இருந்த இளைஞரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கினார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார் முன்சீப். இல்லை. அந்த இளைஞர் உ.வே. சாமிநாதையர், கேட்டவர் சேலம் இராமசாமி முதலியார். கேட்டதோடு நில்லாமல் பிரதியையும் கொடுத்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. எந்த அரசு நூலகத்திலிருந்தும் கிளம்பிய கதையல்ல இது. ஒரு வீட்டு அலமாரியில் ஒருவர் வைத்திருந்தார். வைத்திருப்பது இன்னதென்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவதுதான் அரிது.

சேலம் பகுதி வீடுகளில் இன்றும் கிடைக்கிற ஓலைச்சுவடிக் கட்டுகளில் பெரும்பாலும் காவியம் இருக்காது. வைத்தியம், சோதிடம், மாந்திரீகம், நிலக்கணக்கு, கூத்துப் பாட்டு. ‘இலக்கியம் இல்லை’ என்று ஒதுக்குவது இந்தக் காலத்து ஆடிப்பெருக்கு. அன்று ஆற்றில் விட்டார்கள், இன்று குப்பை வண்டியில். கட்டு கிடைத்தால் முதலில் கயிற்றை அவிழ்க்காமல் படம் எடுக்க வேண்டும், வரிசை அதில்தான் இருக்கிறது. இடப்பக்க ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டெண் இருக்கும். ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரிக்கக் கத்தி எடுக்கக் கூடாது. உலர்ந்த தூரிகையால் தூசு தட்டிய பிறகு, ஒடியும் அளவு காய்ந்த ஏட்டுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெல்லியதாக இழுக்கலாம். வளைவு திரும்பும், பூச்சியும் அண்டாது. தேங்காயெண்ணெய் பூசினால் சிக்கெடுத்துத் தூசைப் பிடிக்கும். எழுத்து மங்கியிருந்தால் புகைக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைப்பது பழைய வழி, கீறலுக்குள் கருமை தங்கும். ஆனால் மையில் எழுதிய அல்லது வண்ணம் தீட்டிய ஏட்டில் எண்ணெயே படக் கூடாது. 

படம் எடுப்பது, தேடுவது

கைப்பேசிச் செயலி பக்கத்தை வெட்டி, வெளுக்கவைத்து, சுருக்கித் தரும். படிக்க அது போதும், பாதுகாக்கப் போதாது. மூலப்படம் 400 டிபிஐ, வண்ணம், தரம் குறைக்காத டிஃப் கோப்பு. ஏ5 அளவில் ஒரு பக்கம் சுமார் 23 எம்.பி. வரும், 96 பக்கப் புத்தகத்துக்கு இரண்டு ஜி.பி.க்குக் கொஞ்சம் மேல். அட்டை, வெற்றுப் பக்கம், விளம்பரம் எதையும் விடாமல். இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வீட்டில். பென் டிரைவ் பாதுகாப்பு அல்ல, கொண்டுபோகிற பை.

உரையாக மாற்றும்போது பழைய அச்சு மாட்டும். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் 13 எழுத்துகளை மாற்றியது. அதற்கு முந்தைய புத்தகங்களில் லை, னை எல்லாம் துதிக்கை தூக்கி நிற்கும், ணா, றா, னா சுழிந்து கிடக்கும். இயந்திரம் அவற்றைத் தப்பாகப் படித்து, அதையும் முழுத் தன்னம்பிக்கையோடு கொடுக்கும். மனிதக் கண் ஒருமுறை ஓட வேண்டும். 

உரிமை விஷயத்தில் தேவையில்லாத பயம் உண்டு. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு ஆனால் பொதுச்சொத்து. அதற்குள் இருந்தாலும், லாப நோக்கில்லாத பொது நூலகம் தன்னிடம் உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் வைத்துக்கொள்ளவும், இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலை மூன்று பிரதி வரை எடுத்துக்கொள்ளவும் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிடுவது வேறு விஷயம், அதற்கு அனுமதி வேண்டும்.

ஏற்காட்டின் நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம் பக்கம் மலையாளி என்ற மலைவாழ் பழங்குடி மக்களிடம் உள்ள பாட்டுகளுக்கு நூல் ஒப்படைப்புச் சட்டம் பொருந்தாது, அச்சாகவில்லை என்ற ஒரே காரணத்தால். காஞ்சியிலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் மலையேறிய கதையை ஒவ்வொரு மலையிலும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். அந்த வித்தியாசம்தான் சரக்கு. சுருக்காத ஒலிக்கோப்பாகப் பதிந்து, பாடியவரின் சம்மதம், ஊர், நாள், எந்தச் சடங்கில் பாடுவது என்பதை ஒலியிலேயே முதலில் சொல்லிவிட வேண்டும். தாளில் எழுதிய குறிப்பு கோப்பைவிட்டுப் பிரிந்துவிடும். பிறகு நாற்பது பக்கத்தில் எழுத்தாக்கி அச்சிட்டுவிட்டால் அதுவும் ‘புத்தகம்’ ஆகி, நான்கு பார்சலுக்குள் வந்துவிடும்.

கடைசியாக, அட்டவணையில் தேடுகிறவர்களுக்கு. தேசிய நூற்பட்டியல் (தேசிய நூலகத்துக்கு வந்து சேர்ந்த நூல்களின் பட்டியல்) தொடங்கியபோது எல்லா மொழி நூல்களையும் ரோமன் எழுத்தில் பதிந்தார்கள். தமிழ்ச் சகரத்துக்கு அந்த முறையில் ஆங்கில ‘சி’ எழுத்து. ஆகவே ‘சேலம்’ என்ற தலைப்பு எஸ்-இல் இருக்காது, சி-யில் இருக்கும். நம் பெயர்களில் முதலெழுத்து முன்னால் நிற்பதால், அப்பா பெயரில் ஒருமுறையும் சொந்தப் பெயரில் ஒருமுறையும் தேட வேண்டும். புனைபெயர் என்றால் மூன்றாவது முறை. அத்தனையும் தேடிக் கிடைக்கவில்லை என்றால் அந்தப் புத்தகம் அங்கே போகவில்லை என்று கொள்ளலாம். 30 நாள் எப்போதோ கடந்துபோயிருக்கும். பரவாயில்லை, பரணில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிற மிச்சத்திலிருந்து நான்கை உருவி, இரண்டாம் பக்கத்தில் ஆண்டு இல்லையென்றால் ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வைத்து, இன்றைக்கு அனுப்பினாலும் வாங்கிக்கொள்வார்கள்.